பிடித்த கால்பந்து வீரர் தலையில் அடிபட்டு விழுந்தால் ரசிகர்கள் செய்ய வேண்டியவை

முதலில், அவர் அசையாமல் கிடக்கும் காட்சியைப் பகிராதீர்கள், அவர் வீட்டாரும் போன் பார்ப்பார்கள். கிளப்பின் அறிக்கை வரும்வரை வதந்தி எதையும் நம்ப வேண்டாம். மோதிய வீரரைத் திட்டவும் வேண்டாம்.

அப்புறம், எப்போது வருவார் என்று நாள் எண்ணாதீர்கள். 2006 அக்டோபரில் மண்டையோடு உடைந்த கோல்கீப்பர் பீட்டர் செக் மூன்றே மாதத்தில், தலைக்கவசத்தோடு செல்சி கோல் கம்பத்துக்குத் திரும்பினார். ஆனால் 2020 நவம்பர் 29 அன்று ஆர்சனல் மைதானத்தில் டேவிட் லூயிஸோடு தலை மோதிய வுல்வ்ஸ் வீரர் ராவுல் ஹிமெனெஸ், அடுத்த ஆகஸ்டில்தான் நெற்றிப் பட்டையோடு லீக் ஆட்டத்துக்கு வந்தார். மண்டையோடு உடைந்த ஹல் சிட்டி வீரர் ரையன் மேசன், தலையில் 14 உலோகத் தகடுகளோடு ஒரு வருடம் போராடிப் பார்த்துவிட்டு, 26 வயதிலேயே ஓய்வு பெற்றார். திரும்பி வருபவர் பந்தைத் தலையால் முட்டத் தயங்கினால் கூச்சலிடாதீர்கள், அவர் எதைத் தாண்டி வந்தார் என்பது நமக்குத் தெரியும்தானே.

ஹிமெனெஸோடு மோதிய அன்று லூயிஸ் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு இடைவேளை வரை ஆடினார், ரத்தம் கட்டை மீறிக் கசிந்தது. அதை வீரம் என்று கைதட்டாதீர்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலும் இதேதான்: தலையில் அடிபட்டவர் 'ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் வெளியே உட்கார வையுங்கள். நினைவிழந்தால் கழுத்தை அசைக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், இதில் ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவமனைதான். அன்று இரவு அவரைத் தனியாக விடாதீர்கள், வண்டி ஓட்டவும் விடாதீர்கள்.