“அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்”: டெல்டாவுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலநிலை, சுற்றுச்சூழல் கொள்கை பற்றி டெல்டாவில் ஒரு மாதம் பயிற்சி செய்துவிட்டுப் போகும் மாணவர்களின் அறிக்கைகள் எனக்குப் படிக்கக் கிடைப்பதுண்டு. உழைப்பில் குறை சொல்ல முடியாது. வெயிலில் அலைந்திருப்பார்கள், அட்டவணை அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். ஆனால் கடைசிப் பக்கத்தில் அந்த வாக்கியம் தவறாமல் வந்து உட்கார்ந்திருக்கும்: “இதற்கு அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்.”

எந்த அரசு? எந்த அலுவலகம்? அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பயிற்சியின் பாதி வேலை.

நெல் ஈரப்பதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் குறுவை நெல் நனைந்து கிடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம்; அதற்கு மேல் இருந்தால் வாங்க மாட்டார்கள். வரம்பை உயர்த்த வேண்டும் என்று மாணவர் எழுதி, மாவட்ட ஆட்சியருக்கு ஒரு நகலும் கொடுக்கிறார். ஆட்சியரால் அந்தத் தளர்வைத் தர முடியாது. மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதி, ஒன்றிய உணவுத் துறையின் குழு வந்து நெல்லை எடுத்துப் பார்த்துச் சென்ற பிறகு, அங்கிருந்து வர வேண்டிய உத்தரவு அது. அதற்குள் நெல் முளைத்துவிடும். உலர்களம், தார்ப்பாய், மூட்டைகளை உடனே நகர்த்தும் லாரி ஆகியவையோ இங்கேயே, நுகர்பொருள் வாணிபக் கழகத்தையும் மாவட்ட நிர்வாகத்தையும் கேட்கக் கூடியவை. எந்தெந்த நிலையத்தில் உலர்களம் இல்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், நாற்பது பக்க அறிக்கையைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது, வாயைத் திறந்ததுமே நடக்கும் தவறு. தண்ணீர் தேங்கிய வயலில், காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். சரிதான். ஆனால் மன்னார்குடிப் பக்கம் மீத்தேன் என்றால் வேறு பொருள். நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நின்ற ஊர்கள் இவை. எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து 2017-இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் போராடியதை யாரும் மறக்கவில்லை. “உங்கள் வயலிலிருந்து மீத்தேன் வருகிறதே, தெரியுமா ஐயா?” என்று கேட்டால், பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். “காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுகிறீர்களா?” என்று கேளுங்கள். திண்ணையில் உட்காரச் சொல்வார். வாய்க்காலின் தலைப்பில் இருப்பவர் தாராளமாகக் காய விடுவார் என்பதும், முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில் அடுத்த முறை தண்ணீர் வருமா என்று தெரியாத, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர் கிடைத்ததைத் தேக்கி வைப்பார் என்பதும் அந்தப் பேச்சில்தான் தெரியவரும். வயலை இடையிடையே காய விட்டால்தான் சேற்றில் காற்றுப் புகுந்து மீத்தேன் குறையும். ஆக, மீத்தேனைக் குறைக்கும் சாவி விவசாயியிடம் மட்டும் இல்லை, நீர்வளத்துறையின் மதகிலும் இருக்கிறது. ‘விவசாயிகளிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், அந்த வாக்கியத்தையே தடை செய்யலாம்.

விடுமுறை என்று மே மாதத்தில் வருகிறார்கள். வாய்க்கால் வறண்டு கிடப்பதைப் படமெடுத்து, கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். வழக்கப்படி மேட்டூர் அணை ஜனவரி 28-இல் மூடி, ஜூன் 12-இல் திறக்கப்படும்; இடைப்பட்ட மாதங்களில் ஆற்றுப் பாசனத் தண்ணீர் யாருக்கும் இல்லை. ஜூன் 12-ஐ நம்பித் திட்டமிடுவதும் ஆபத்து. 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காக்க வேண்டியிருந்தது.

அளவில் ஏமாறுகிறவர்களும் உண்டு. கேள்வித்தாள் ஏக்கரில் இருக்கும். பதில் மாவில் வரும். மா என்பது 100 குழி, ஏறத்தாழ 33 சென்ட். ‘ஆறு மா’ என்று சொன்னதை ஆறு ஏக்கராகக் குறித்துக்கொண்டால் சிறு விவசாயி ஒரே இரவில் மூன்று மடங்கு பெரியவராகிவிடுவார்.

நிலம் வைத்திருப்பவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்புவதையும் சொல்ல வேண்டும். நடவுக்குப் போகும் பெண்களின் பெயரில் சிட்டா இல்லை. வெயிலும் வெள்ளமும் அவர்கள் கூலியில்தான் முதலில் கை வைக்கும்.

டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கும் 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இல்லாத அறிக்கையே இல்லை. படித்தவர்கள்தான் குறைவு. திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் அதில் சேர்க்கப்படவில்லை. கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்கள் மட்டும். முன்பே இயங்கிவந்த எண்ணெய்க் கிணறுகளையும் அது மூடவில்லை. ‘டெல்டா முழுவதும் பாதுகாப்பு’ என்று செய்தித் தலைப்பைப் பார்த்து எழுதாதீர்கள்.

பயிற்சிக்கு இடம் தேடுவோர் சென்னைக்கும் டெல்லிக்கும் மட்டும் விண்ணப்பிக்கிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் உண்டு. மாவட்ட வன அலுவலர்தான் அதன் காலநிலை அலுவலர். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் இருக்கிறது. நேரில் போய்க் கேளுங்கள். சான்றிதழுக்குக் கட்டணம் கேட்கும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

இன்னொன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. உங்கள் பயிற்சியோ நான்கு வாரம். இரண்டாவது வாரத்தில் மனுப் போட்டால், நீங்கள் அறிக்கையைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பிய பிறகுதான் உறை வந்து சேரும். பயிற்சி உறுதியானதுமே, எந்த அலுவலகம் என்று விசாரித்துக்கொண்டு, மூட்டை கட்டும் முன்பே மனுவை அனுப்பிவிடுங்கள்.