அயர்ன்மேன் போட்டி நேரத்தை வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப மதிப்பிடுவது எப்படி?

3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. மிதிவண்டி, 42.2 கி.மீ. ஓட்டம் ஆகியவற்றை ஒரே மூச்சில் முடிக்கும் அயர்ன்மேன் போட்டியில், கடிகாரம் காட்டும் மொத்த நேரத்தை மட்டும் பார்த்து மனம் தளர்பவர்களும் தவறான பயிற்சியில் இறங்குபவர்களும் ஏராளம். 52 வயதுப் பெண் ஒருவர் தம் நேரத்தை 30 வயது ஆணின் நேரத்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

பாலின இடைவெளியின் அளவை முதலில் அறிந்துகொள்ளுங்கள். 2024இல் ஜெர்மனியின் ரோத் நகரில், இதே தொலைவுகள் கொண்ட போட்டியில், ஒரே நாளில், ஒரே பாதையில், தொழில்முறை வீரர்களான மாக்னஸ் டிட்லெவ் 7 மணி 23 நிமிடம் 24 நொடியிலும் ஆன் ஹாக் 8 மணி 2 நிமிடம் 38 நொடியிலும் முடித்தார்கள். இடைவெளி கிட்டத்தட்ட 9%. ஆண்களுக்குத் தசையும் இரத்தத்தில் ஹீமோகுளோபினும் கூடுதலாக இருப்பதே இதற்கு முதன்மைக் காரணம். நீச்சலில் இந்த இடைவெளி சற்றுக் குறைவாக இருக்கக் காண்கிறோம். பெண்களின் உடல் தண்ணீரில் எளிதாக மிதப்பது அங்கே துணைசெய்கிறது.

வயதைப் பொறுத்தவரை, இரு பாலாருக்கும் உச்சம் பெரும்பாலும் முப்பதுகளின் நடுப்பகுதியில் அமைகிறது. ஆனால் ரோத்தில் அந்த நேரத்தைப் பதித்தபோது ஆன் ஹாக்குக்கு வயது 41 என்பதையும், ஹிரோமு இனாடா 2018இல் தம் 85ஆம் வயதில் ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியை 17 மணி நேரக் கெடுவுக்குள் முடித்தார் என்பதையும் மறக்க வேண்டாம். உச்ச இதயத் துடிப்பும், உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவும், வேகத்துக்கு உதவும் தசை நார்களும் வயதோடு குறைவதால் நேரம் கூடுகிறது. இந்தச் சரிவு முதலில் மெதுவாகவும் அறுபதை நெருங்கும்போது விரைவாகவும் நடக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். நீங்கள் கலந்துகொண்ட போட்டியின் முடிவுப் பட்டியலில் உங்கள் பாலினத்தையும் ஐந்தாண்டு வயதுப் பிரிவையும் தேர்ந்தெடுங்கள். போட்டி ஆண்டின் டிசம்பர் 31 அன்று உங்களுக்கு இருக்கும் வயதே பிரிவைத் தீர்மானிக்கும். முதல் ஐவரின் சராசரியை மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியாக எடுத்து, அதை உங்கள் நேரத்தால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். மூத்த பிரிவுகளில் போட்டியாளர்கள் சிலரே என்பதால், அங்கே மூன்று நான்கு ஆண்டுப் பட்டியல்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு: 50–54 பிரிவுப் பெண் ஒருவர் நீச்சலில் 90, மிதிவண்டியில் 400, ஓட்டத்தில் 300 நிமிடம் எடுத்ததாகவும், முதல் ஐவரின் சராசரி முறையே 72, 360, 255 நிமிடம் என்றும் வைத்துக்கொள்வோம். மதிப்பெண் 80, 90, 85 என வரும். நீச்சலே பலவீனம் என்று தோன்றும். ஆனால் அங்கே அவர் இழந்தது 18 நிமிடம், மிதிவண்டியில் 40, ஓட்டத்தில் 45. எனவே சதவீதத்தோடு நிமிடத்தையும் எழுதிப் பாருங்கள். பலர் தடுமாறும் இடம் இதுதான்.

இந்தப் பெண்மணி ஓட்டப் பயிற்சியை உடனே கூட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு காலடியிலும் தசையும் எலும்பும் அதிர்ச்சியைத் தாங்க வேண்டியிருப்பதால், வயதோடு ஓட்டம் மிதிவண்டியைவிட அதிகமாகச் சரிகிறது, காயமும் எளிதில் வருகிறது. மிதிவண்டியிலோ உடல் எடையை இருக்கை தாங்குகிறது. காற்றின் தடை காரணமாக, மிதிக்கும் ஆற்றல் 10% குறைந்தாலும் சமதரையில் வேகம் ஏறத்தாழ 4% மட்டுமே குறையும். ஆகவே கூடுதல் மணிநேரத்தை மிதிவண்டிக்கும், வாரம் இரண்டு நாளை எடைதூக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கினால், சோர்வு குறைந்த கால்களோடு மாரத்தானைத் தொடங்கலாம். இழந்த 45 நிமிடத்தில் கணிசமான பங்கு மிதிவண்டியில் களைத்துப்போனதன் விளைவாகவே இருக்கக்கூடும்.

கடின பயிற்சிகளுக்கு இடையே, இளவயதில் விட்டதைவிட ஒரு நாள் கூடுதலாக ஓய்வு விடுங்கள். பெண்கள், குறிப்பாக மாதவிடாய் நிற்கும் முன்னரான ஆண்டுகளில், காரணமின்றி நேரம் கூடினால் பயிற்சியை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் சென்று இரத்தத்தில் இரும்புச்சத்தின் இருப்பைச் சோதித்துக்கொள்ளுங்கள்.