ஒரு மில்லிசெகண்ட் காத்திருப்பது எப்படி? கெர்னல் டிரைவரில் குறுகிய டைம்அவுட்

ஏற்காட்டில் காப்பிக்கொட்டை உலர்த்தும் களத்துக்கு ஈரப்பதம் அளக்கும் போர்டு ஒன்று. அதற்கு லினக்ஸ் டிரைவர் (கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதிக்குள், ஓடி வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அளக்கச் சொன்ன 1 மில்லிசெகண்டுக்குள் 'தயார்' பிட் எழும் என்கிறது சிப்பின் டேட்டாஷீட். சேலத்தில் லேப் மேசையில் ஒழுங்காக ஓடுகிறது. மலையேறியதும் அவ்வப்போது டைம்அவுட் பிழை, அதாவது கெடுவுக்குள் பிட் எழவில்லை என்ற பிழை. குளிரைக் குறை சொல்லாதீர்கள். அங்கே சிபியுவுக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன.

படி 1: ஜிஃபியில் (கெர்னல் டைமரின் டிக் எண்ணிக்கை) கெடு வைக்காதீர்கள். ஹெச்இசட் (நொடிக்கு எத்தனை டிக் என்ற கெர்னல் அமைப்பு) 100 என்றால் ஒரு ஜிஃபி 10 மில்லிசெகண்ட். 250 என்றால் 4. 'இப்போதைய ஜிஃபி + 1' வரை டைம்_பிஃபோர் (கெடு இன்னும் வரவில்லையா என்று பார்ப்பது) லூப் ஓட்டினால், அடுத்த டிக் 5 மைக்ரோசெகண்டில் வரும்போது கெடுவும் அதோடு முடிந்துவிடும். கெர்னலின் நுண்ணிய கடிகாரமான கேடைம்_கெட் தரும் நேரத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

படி 2: இடையில் காத்திருக்க, 10 மைக்ரோசெகண்டுக்குள் யூடிலே (சிபியுவை விடாமல் சுற்றிக் காத்திருப்பது), அதற்கு மேல் 20 மில்லிசெகண்ட் வரை யூஸ்லீப்_ரேஞ்ச், அதையும் தாண்டினால் எம்ஸ்லீப் (இவை இரண்டும் சிபியுவை விட்டுத் தூங்குபவை). ஸ்பின்லாக் (மற்றவர்களைச் சுற்றிக் காத்திருக்க வைக்கும் பூட்டு) பிடித்திருக்கும்போதும் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளும் (வன்பொருள் அழைத்ததும் ஓடும் நிரல்) தூங்கவே கூடாது, யூடிலே மட்டும்தான். எம்ஸ்லீப்(1) என்று எழுதினால் 1 மில்லிசெகண்டில் எழுப்பிவிடும் என்று நம்பாதீர்கள்; ஹெச்இசட் 100-இல் 10-ஐயும் தாண்டலாம்.

படி 3: பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பிட்டைப் படிக்கிறீர்கள், 0. அந்தக் கணத்தில் ஷெட்யூலர் (சிபியுவை வேலைகளுக்குப் பங்கிடும் கெர்னல் பகுதி) உங்களை நிறுத்திவிட்டு வேறு வேலையை 3 மில்லிசெகண்ட் ஓட்டுகிறது. இதற்குள் பிட் எழுந்துவிட்டது. திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்: கெடு தாண்டியிருக்கிறது, உடனே பிழை. சிப் சொன்ன நேரத்தில் முடித்துவிட்டது, நீங்கள்தான் பார்க்கவில்லை! கெடு தாண்டியது தெரிந்த பிறகும் அந்த பிட் இருக்கும் ரெஜிஸ்டரை இன்னொரு முறை படியுங்கள். அந்தக் கடைசி மதிப்பை வைத்தே வெற்றியா பிழையா என்று முடிவு செய்யுங்கள்.

இதை நீங்களே எழுத வேண்டியதில்லை. ஐஓபோல் ஹெடரில் உள்ள ரீட்எல்_போல்_டைம்அவுட் மேக்ரோ அந்தக் கடைசிப் படிப்பையும் செய்கிறது. முகவரி, மாறி, நிபந்தனை, பிறகு 50, 5000 என்று கொடுங்கள்; 50 இரு படிப்புகளுக்கு இடைவெளி, 5000 கெடு; இரண்டும் மைக்ரோசெகண்ட். டேட்டாஷீட் 1 மில்லிசெகண்ட் என்கையில் 5 மில்லிசெகண்ட் எதற்கு? பிட் எழுந்ததும் மேக்ரோ திரும்பிவிடும்; முழு 5-உம் செலவாவது சிப் உண்மையிலேயே பதில் தராதபோதுதான். தூங்கக் கூடாத இடத்துக்கு இதன் அடாமிக் வடிவம் இருக்கிறது. அங்கே காத்திருக்கும் நேரமெல்லாம் சிபியு வீணாகச் சுற்றும், கெடுவைக் குறுக்கி வையுங்கள்.

படி 4: மலைக்கு அனுப்புமுன், ஹெச்இசட் 100 கெர்னலில், எல்லா சிபியு கோர்களுக்கும் முழுச்சுமை ஏற்றி இரவு முழுக்க ஓட்டுங்கள். டீபக்_அடாமிக்_ஸ்லீப் ஆப்ஷனையும் இயக்கி வைத்தால், தூங்கக் கூடாத இடத்தில் தூங்கியிருந்தால் டிமெசேஜ் காட்டும் கெர்னல் லாகில் எச்சரிக்கை வரும்.