பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்காத பிள்ளையைக் குடிக்க வைப்பது எப்படி?

காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் போத்தல் பகல் 1.30க்கு அப்படியே திரும்பி வருகிறதா? கல்லடியில் தரம் 1 படிக்கும் எங்கள் மகளும் அப்படித்தான் கொண்டு வந்தா. முதலில் தலையிடி, பிறகு மலச்சிக்கல், கடைசியில் சிறுநீர் கழிக்கும்போது எரிவு. பரிசோதித்த டொக்டர் சிறுநீரில் கிருமித் தொற்று என்றார். மருந்தில் தொற்று மாறியது, குடிக்காத பழக்கம் மாறவில்லை. விசாரித்துப் பார்த்தால், பிள்ளைக்குத் தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் மலசலகூடம் போக வேண்டி வரும், அந்தப் பயத்தில்தான் குடிக்கவில்லை. ஆகவே போத்தலோடு நிற்காமல் அந்தப் பயத்தையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும்.

போத்தல்

500 மி.லீ. கொள்ளும், வாய் அகன்ற ஸ்டீல் போத்தல்தான் என் தெரிவு. உறிஞ்சு குழாய் வைத்ததை வாங்கவே வேண்டாம். குழாய்க்குள் பூஞ்சணம் பிடித்தால் வெளியே தெரியாது, கழுவுவதும் சிரமம். கடையிலேயே மூடியை இறுக்கிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். தானாகத் திறந்து, மூடி, சாய்த்துப் பார்த்தும் ஒழுகவில்லை என்றால் வாங்கலாம். கொதித்தாறிய நீரை ஊற்றுங்கள்.

எப்போது குடிப்பது

"நல்லா தண்ணி குடி" என்று சொல்லி அனுப்பினால் வாசலைத் தாண்டியதும் மறந்துவிடும். காலைக் கூட்டம் முடிந்து வகுப்புக்கு வந்ததும், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது, வீட்டுக்குப் புறப்படும் முன்: இந்த மூன்று நேரமும் போதும். ஐந்தாறு வயதில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.2 லீற்றர் தேவை, வரண்ட, சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னும் கூட. மிச்சத்தை வீட்டில் கொடுத்துவிடலாம்.

மலசலகூடம்

இதற்குத்தான் நேரம் எடுக்கும், பொறுமையாகச் செய்யுங்கள்.

வீட்டில் கொமட்டில் இருந்து பழகிய பிள்ளைக்குக் குந்தி இருக்கத் தெரியாது. கால் வழுக்கும், உடுப்பு நனையும் என்ற பயம் வரும். அம்மம்மா வீட்டிலோ அயலிலோ குந்தும் மலசலகூடம் இருந்தால் அங்கே கொண்டுபோய்ப் பழக்குங்கள். சீருடையைப் போட்டபடியே பழக்க வேண்டும், கவுனைத் தூக்கிப் பிடிப்பதும் காற்சட்டைக் கொளுக்கியைக் கழற்றுவதும் வேறு வேலை. வாளியில் கோப்பையால் அள்ளிக் கழுவவும், பெண் பிள்ளை என்றால் முன்னிருந்து பின்னாகக் கழுவவும் காட்டிக் கொடுங்கள். பின்னிருந்து முன்னாகக் கழுவினால் மலத்தில் உள்ள கிருமி சிறுநீர்த் துவாரத்துக்கு வந்துவிடும். கடைசியில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். பாடசாலைக் குழாயடியில் இல்லாவிட்டால், ஒரு சின்னச் சவர்க்காரத் துண்டை டப்பாவில் போட்டுக் கொடுத்து விடுங்கள்.

அப்புறம் கதவு. மகளின் பெரிய பயமே அதுதான்: உள்ளே கொண்டி போட்டால் திறக்க வராதோ என்று. வகுப்பாசிரியரிடம் சொன்னோம். ஒரு கூட்டாளியை வெளியே நிற்க வைத்து, கொண்டி போடாமல் போய்வர ஒழுங்கு செய்தா. அன்றிலிருந்து போத்தல் குறையத் தொடங்கியது. ஆசிரியரிடம் இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், சின்ன வகுப்பு டீச்சர்மாருக்கு இது புதிதல்ல. "டீச்சர், எனக்கு ஒண்டுக்குப் போகணும்" என்று உரத்துச் சொல்லவும் வீட்டில் பழக்குங்கள். பையில் ஒரு மாற்று உள்ளாடையும் பொலித்தீன் பையும் இருக்கட்டும், இருப்பது பிள்ளைக்கும் தெரியட்டும்.

சரி வருகிறதா என்று பார்க்க

போத்தலை மட்டும் நம்ப முடியாது, சில பிள்ளைகள் கொட்டிவிட்டு வருவார்கள். வீட்டுக்கு வந்ததும் போகும் சிறுநீரைப் பாருங்கள். இள மஞ்சள் என்றால் நல்லது, கடும் மஞ்சள் என்றால் போதவில்லை. எரிவு, காய்ச்சல், அடிவயிற்று நோ, விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திராமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

பின்சேர்க்கை

தண்ணீருக்குப் பதில் பைக்கற் ஜூஸ் கொடுக்கலாமா என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருந்தா. வேண்டாம், அதில் சீனி அதிகம், பல்லுக்கும் கூடாது. வத்தகப்பழத் துண்டுகள் கொடுங்கள். ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசலைத் தினமும் கொடுப்பதும் சரியல்ல, அது வயிற்றோட்டத்துக்கு.

இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சி நாட்களைப் பற்றி இன்னொருவர் கேட்டார். அந்த நாட்களில் இரண்டாவது போத்தலும் தொப்பியும் கட்டாயம். தலைசுற்று, சத்தி வந்தால் உடனே நிழலுக்குக் கூட்டிப்போய், உடம்பை நனைத்து விசிறச் சொல்லி ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். பிள்ளை தடுமாறிப் பேசினாலோ மயங்கினாலோ 1990க்கு அழைக்க வேண்டும், அம்புலன்ஸ் இலவசம். மயக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.