‘டான்ஸர் இன் தி டார்க்’ திரையிட்ட பின் விவாதத்தை நடத்துவது எப்படி?

2000ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில், டென்மார்க் இயக்குநர் லார்ஸ் வான் டிரியரின் ‘டான்ஸர் இன் தி டார்க்’ திரையிடப்பட்டபோது சிலர் எழுந்து நின்று கைதட்டினர், சிலர் கூச்சலிட்டு எதிர்த்தனர். அவ்விழாவின் உயரிய விருதான தங்கப் பனை அப்படத்துக்கே கிடைத்தது. நாயகி செல்மாவாக நடித்த ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். உங்கள் திரைப்படச் சங்கத்தில் இதைத் திரையிட்டால் அரங்கம் அதேபோல இரண்டாகப் பிரியும் என்று எதிர்பார்த்தே ஆயத்தமாகுங்கள். முடிவு உட்பட முழுக் கதையும் கீழே பேசப்படுவதால், விவாதத்தை நடத்துபவர் மட்டும் இதைப் படித்தால் போதும்.

திரையிடலுக்கு முன் கதையைச் சொல்ல வேண்டாம். ஆனால் தூக்குத் தண்டனைக் காட்சி ஒன்று நேரடியாகக் காட்டப்படுகிறது என்பதையும், கையில் பிடித்த கேமராவின் அசைவு சிலருக்குத் தலைசுற்றலை உண்டாக்கும் என்பதையும் கட்டாயம் சொல்லிவிடுங்கள். படம் முடிந்தவுடன் ஒலிபெருக்கியை எவரிடமும் நீட்டாமல் பத்து நிமிடம் இடைவெளி விடுங்கள். அழுதுகொண்டிருப்பவரிடம் கருத்துக் கேட்பது அநாகரிகம்.

பேச்சைத் தீர்ப்பிலிருந்து தொடங்காமல் நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்குங்கள். 1960களின் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த தொழிலாளி செல்மா பரம்பரை நோயால் பார்வையை இழந்துவருகிறாள். அதே நோய் மகன் ஜீனையும் தாக்கும் என்பதால் அவனுடைய அறுவை சிகிச்சைக்குப் பணம் சேர்க்கிறாள். அவள் குடியிருக்கும் இடத்தின் உரிமையாளரான காவலர் பில் அதைத் திருடுகிறார், பின்னர் தம்மைக் கொன்றுவிடும்படி அவரே கெஞ்சுகிறார். அவள் அவரைக் கொல்கிறாள், அதற்காகத் தூக்குத் தண்டனை பெறுகிறாள். ஏழை என்பதால் அவள் தூக்கிலிடப்பட்டாள் என்று யாராவது சொல்வார்கள். அதை அங்கேயே திருத்துங்கள். வழக்கை மீண்டும் நடத்த வழக்கறிஞர் கிடைத்தார், அவருக்குக் கொடுக்கப் பணமும் இருந்தது; அது மகனின் கண்ணுக்கான பணம் என்பதாலேயே அவள் மறுத்தாள்.

விவாதத்தின் பெரும்பகுதியை அந்த மறுப்புக்கே ஒதுக்குங்கள். பிள்ளைக்குத் தேவை உயிருடன் இருக்கும் தாய் என்று தோழி கேத்தி வாதாடுகிறாள். அவனுக்குத் தேவை பார்வைதான் என்கிறாள் செல்மா. நோய் வரும் என்று தெரிந்தே பிள்ளை பெற்றவள் அவள் என்பதை நினைவூட்டினால், இது தியாகமா கடன் தீர்ப்பதா என்ற கேள்வி தானாகவே எழும். இங்கே நடத்துநர் விழிப்பாக இருக்க வேண்டும்: செல்மா செய்தது சரியா என்பது ஒரு கேள்வி, அவளைத் தப்ப வழியில்லாமல் நெருக்கிய இயக்குநர் செய்தது நேர்மையா என்பது முற்றிலும் வேறு கேள்வி, இவ்விரண்டும் கலந்தால் எவருடைய பேச்சும் எவருக்கும் கேட்காது. தாய் என்றால் தன்னை அழித்துக்கொள்பவள் என்று நம் சினிமாவிலும் கண்டு பழகியவர்கள் கோபப்படுவது நியாயமானது. அந்தக் கோபத்தை உணர்ச்சியற்ற மனம் என்று யாரும் ஒதுக்க இடம் கொடுக்காதீர்கள்.

அடுத்து, பாடல்கள். பாட்டு வருவது நமக்கு இயல்பு என்பதால் பார்வையாளர்கள் அவற்றைக் கடந்துவிடக் கூடும். ஒவ்வொரு பாடலும் எந்த ஒலியிலிருந்து பிறக்கிறது என்று கேளுங்கள். தொழிற்சாலை இயந்திரங்களும் ரயிலும் தாளமாகின்றன; நிலையாக வைக்கப்பட்ட பல டிஜிட்டல் கேமராக்களில் அக்காட்சிகள் பதிவாகியிருப்பதால் கேமரா அசைவு நின்றுவிடுகிறது, நிறமும் மாறுகிறது. பாட்டு பிறக்க ஒலி வேண்டும் என்பதால்தான் சிறையின் நிசப்தம் செல்மாவை வதைக்கிறது. தூக்குமேடையில் அவள் பாடும் பாட்டுக்குப் பக்க இசையே இல்லை. இதைக் கவனித்தவர்களில் சிலராவது, படம் வெறுமனே கண்ணீரைப் பிழிகிறது என்ற குற்றச்சாட்டை மறுபடி எண்ணிப் பார்ப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

கடைசியாக எடுக்க வேண்டியது, தூக்குமேடையில் கேத்தி ஜீனின் மூக்குக்கண்ணாடியைச் செல்மாவின் கையில் கொடுக்கும் கணம். சிகிச்சை நடந்துவிட்டது, இனி அது அவனுக்கு வேண்டாம். அதுவரை செல்மாவை எதிர்த்து வாதாடியவளையே இயக்குநர் அவள் பக்கம் நிற்கச் செய்கிறார். கேத்தி உண்மையில் மனம் மாறினாளா, சாகப்போகும் தோழிக்கு ஆறுதல் சொன்னாளா, அல்லது எதிர்வாதத்தை இயக்குநர் அடக்கிவிட்டாரா என்று கேட்டு, இரு தரப்பிலும் ஒவ்வொருவரை விடை சொல்ல விடுங்கள்.