மாலத்தீவு அணிக்கு ரசிகராவது எப்படி: ராமநாதபுரம் கரைக்காரர்களுக்கு

கால்பந்து உலகக் கோப்பை வந்துவிட்டால் கீழக்கரையில் இருந்து தொண்டி வரைக்கும் அர்ஜென்டினா, பிரேசில், போர்ச்சுகல் கொடிதான். தெருமுனையில் ஆள் உயர மெஸ்ஸி, எதிர்ப்பக்கம் ரொனால்டோ, நடுவில் டீக்கடை. தப்பே இல்லை, நன்றாகக் கட்டுங்கள். ஆனால் நாலு வருஷத்துக்கு ஒரு மாசம் சத்தம் போட்டுவிட்டு அப்புறம் ஃப்ளெக்ஸைக் கிழித்து ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை போடுகிற பழக்கம் சலித்துப் போனவர்கள் இருப்பீர்கள் அல்லவா, அவர்களுக்காகத்தான் இது. ஒரு குட்டித் தீவு நாட்டின் அணியை எடுத்துக்கொண்டு வருஷம் பூராவும் பின்தொடர்வது எப்படி என்று சொல்கிறேன்.

எந்தத் தீவு? 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதால் இப்போது எல்லோர் வாயிலும் குராசாவும் கேப் வெர்டேவும்தான். குராசாவில் மொத்தமே ஒன்றரை லட்சம் பேர்தான் இருக்கிறார்கள், நம்ம மாவட்டத்தில் 2011 கணக்குப்படியே பதிமூன்றரை லட்சம். கேப் வெர்டே அணியில் ராபர்ட்டோ லோப்பஸ் என்று ஒரு தடுப்பாட்டக்காரர், அயர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு அழைப்பு லிங்க்ட்இன்னில் போர்ச்சுகீஸ் மொழியில் வந்தது, அவர் அதை ஏதோ குப்பை மெசேஜ் என்று நினைத்துக் கண்டுகொள்ளவே இல்லை. இந்த இரண்டு அணிகளும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து வந்து கட்டியவை. ஊரில் பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கிற நமக்கு அந்தக் கதை புரியும், பிடிக்கவும் செய்யும். ஆனாலும் தூரம் ஜாஸ்தி, ஆட்ட நேரம் முக்கால்வாசி நடுராத்திரி. உலகக் கோப்பையில் இடம் கிடைத்துவிட்டதால் அவர்களுக்கு இனி ரசிகர் பஞ்சமும் இருக்காது.

நான் சொல்வது மாலத்தீவு. சுமார் 1,200 தீவு, ஆள் குடியிருப்பது இருநூறுக்கும் குறைவு, மக்கள் தொகை வெளிநாட்டு ஆட்களையும் சேர்த்து ஐந்து லட்சம் சொச்சம். நம்ம வீட்டுச் சம்பலில் இடித்துப் போடும் மாசி அங்கே பிடித்துக் காயவைத்த சூரைதான். தூத்துக்குடியில் இருந்து தோணிகள் சாமான் ஏற்றிக்கொண்டு அதன் தலைநகர் மாலேவுக்குத்தான் போகின்றன. ஆடுகிறவர்களும் பெரும்பாலும் அந்த ஊர் லீகில் ஆடுகிறவர்களே. இதற்கு மேல் பக்கத்தில் ஒரு தேசிய அணி வேண்டுமென்றால் இலங்கைதான், ஆனால் அதைச் சின்ன நாடு என்று சொல்ல முடியாது.

சரி, அணியை எடுத்தாயிற்று. முதல் வேலை கோப்பை கணக்கைப் படிப்பது இல்லை, தோல்விக் கணக்கைப் படிப்பது. மாலத்தீவின் முதல் சர்வதேச ஆட்டம் 1979-ல், இந்தியப் பெருங்கடல் தீவு விளையாட்டுப் போட்டியில், செஷல்ஸிடம் 0-9. உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவில் சேர்ந்தது 1986-ல். 1997-ல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஈரானிடம் 0-17, அதில் கரீம் பாகேரி ஒருவரே ஏழு கோல். அந்தச் சுற்றில் ஆறு ஆட்டம் ஆடி வாங்கிய கோல் 59, போட்ட கோல் பூஜ்யம். இதை முதலில் மனசில் பதியவைத்துக்கொண்டால்தான் அடுத்து வருவது உறைக்கும்: ஏழே வருஷம் கழித்து, 2004 மார்ச் 31 அன்று, மாலேவில் தென்கொரியாவோடு 0-0. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் உலகக் கோப்பை அரையிறுதி வரை போன கொரியா. அந்த டிராவுக்குப் பிறகு கொரியாவின் பயிற்சியாளர் உம்பர்ட்டோ கொயெல்யோ வேலையை விட்டே போனார். அதே சுற்றில் மாலே மண்ணில் வியட்நாமை 3-0 என்று அடித்ததும் உண்டு. பெரிய அணிக்கு 0-0 என்றால் டிவியை அணைத்துவிட்டுப் படுப்போம். சின்ன அணிக்கு அது பத்து வருஷம் பேசுகிற விஷயம், இந்த அளவுகோலை மாற்றிக்கொள்ள முடியாதவர்கள் மெஸ்ஸி பக்கமே இருந்துவிடுவது நல்லது.

அடுத்தது காலண்டர். தேசிய அணிகள் நினைத்த நேரத்தில் ஆடுவதில்லை. மார்ச், ஜூன், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஃபிஃபா ஒதுக்கும் நாட்களில்தான் பெரும்பாலும் ஆட்டம் இருக்கும், 2026 முதல் செப்டம்பரையும் அக்டோபரையும் ஒன்றாக்கி நீட்டிவிட்டார்கள். அந்த நாட்களிலும் வியாழன், வெள்ளியில் ஒன்று, அடுத்த செவ்வாயில் ஒன்று என்பதுதான் வழக்கம். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போவதால் செவ்வாய் ராத்திரி ஆள் கரையில் இருக்கும், கூட்டம் சேர்க்க அதுதான் தோது. ஜூன் ஆட்டங்களின் முதல் பாதி மீன்பிடித் தடைக்காலத்திலேயே விழும், ஜூன் 14 வரை கவலை இல்லை. நவம்பர்தான் வம்பு. வாடைக் காற்றும் மழையும் சேர்ந்து கரண்ட்டைப் பிடுங்கிவிடும், சாயங்காலமே போனையும் பவர் பேங்க்கையும் சார்ஜ் ஏற்றி வைத்துவிடுங்கள்.

நேரக் கணக்கு சுலபம். மாலே கடிகாரம் நமக்கு அரை மணி பின்னால். அங்கே இரவு 9 மணி ஆட்டம் என்றால் இங்கே 9.30. டாக்காவில் ஆடினால் தலைகீழ், அவர்கள் நமக்கு அரை மணி முன்னால் ஓடுவார்கள். இன்னொன்று, இங்கே கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கிற ஜூன், செப்டம்பர் மாதங்களில் அங்கே மழைக்காலம். மைதானம் நனைந்திருக்கும், பந்து வழுக்கிக்கொண்டு போகும். அந்த மாதிரி ராத்திரியில் கோல்கீப்பர் கையில் இருந்து பந்து நழுவினால் உடனே திட்ட ஆரம்பிக்காதீர்கள்.

பார்ப்பது எப்படி என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. நம்ம டிவியில் வராது, இந்தியாவோடு ஆடினால் ஒழிய. எந்த நாட்டில் ஆட்டம் நடக்கிறதோ அந்த நாட்டுச் சங்கத்தின் யூடியூப் பக்கத்தை முதலில் பாருங்கள், அப்புறம் ஃபிஃபாவின் நேரலைச் சேவையைப் பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால் ஏதாவது ஸ்கோர் ஆப்பில் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். டெலிகிராமில் வரும் லிங்க்குகளைத் தொடாதீர்கள், பாதி சூதாட்டக் கம்பெனி விரித்த வலை, ஆட்டம் காட்டுகிறேன் என்று சொல்லி ஆப் இறக்கச் சொல்வான். மாலேவில் நடக்கும் ஆட்டம் யூடியூபில் கிடைத்தால் வர்ணனை அவர்கள் மொழியான திவேஹியில் இருக்கும். ஆட்டக்காரர் பெயரும் கோல் என்ற சத்தமும் தவிர ஒன்றும் புரியாது, அது போதும். ஒரே தொல்லை, நெட் வழியாக வருவது உண்மையான ஆட்டத்தைவிட ஒரு நிமிஷம்கூடப் பின்தங்கும். மாலேவில் ஓட்டல் வேலைக்குப் போன மச்சான் வாட்ஸ்அப்பில் "கோல்ல்ல்" என்று போட்டுவிடுவான், இங்கே திரையில் பந்து இன்னும் நடு மைதானத்தில் நிற்கும். ஆட்டம் முடிகிற வரைக்கும் அவனை மியூட்டில் போடுங்கள்.

அணிப் பட்டியலைப் படிப்பது கொஞ்சம் பழக வேண்டும். அலி, இப்ராஹீம், ஹுசைன், ஹசன், முகமது என்று ஒரே பெயர்கள் இடம் மாறி மாறி வரும். பனைக்குளத்திலோ பெரியபட்டினத்திலோ ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் டீமை எடுத்துப் பார்த்திருந்தால் உங்களுக்கு இது புதுசு இல்லை, அங்கேயும் "எந்த இப்ராஹீம்?" என்றுதான் கேட்பார்கள். பெயரை விட்டுவிட்டு முதுகு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்களில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய பெயர் அலி அஷ்ஃபாக். தெற்காசிய நாடுகள் மோதும் சாஃப் போட்டியில், 2013-ல், இலங்கையை 10-0 என்று அடித்த ஆட்டத்தில் ஆறு கோல், அந்தத் தொடர் முழுக்கப் பத்து. தெற்காசியாவில் இந்தியாவின் சுனில் சேத்ரியோடு சரிக்குச் சரி வைத்துப் பேசக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான் என்பது என் கருத்து, அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

தரவரிசை விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 2018-ல் இருந்து ஃபிஃபா கணக்கு மாறிவிட்டது. எதிரணி உங்களைவிட எவ்வளவு பெரியது, ஆட்டம் எவ்வளவு முக்கியம் என்று இரண்டைத்தான் பார்ப்பார்கள். ஒதுக்கிய நாட்களுக்கு வெளியே ஆடும் ஃப்ரெண்ட்லிக்கு 5, உள்ளே ஆடினால் 10, தகுதிச் சுற்று என்றால் 25 என்று எடை. நம்ம அணியைவிட 600 புள்ளி அதிகம் உள்ள அணியோடு தகுதிச் சுற்றில் ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தோற்றால் போவது இரண்டு புள்ளி சொச்சம். டிரா செய்தால் பத்து வரும். தப்பித்தவறி ஜெயித்துவிட்டால் இருபத்திரண்டுக்கு மேல். எத்தனை கோல் வித்தியாசம் என்பது இந்தக் கணக்கில் வரவே வராது, 0-1 என்றாலும் 0-8 என்றாலும் போவது அதே இரண்டுதான். அதனால் பெரிய அணியிடம் தோற்றதற்கு ஒப்பாரி வைக்க வேண்டாம், பக்கத்து வீட்டு அணியிடம் தோற்பதுதான் வலிக்கும். 2023 அக்டோபரில் வங்கதேசத்தோடு மாலேவில் 1-1, டாக்காவில் 1-2. அதோடு 2026 உலகக் கோப்பைக் கனவு முதல் சுற்றிலேயே முடிந்தது. உலகக் கோப்பைக்கு மூன்று வருஷம் முன்னாலேயே அடுத்த உலகக் கோப்பையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது இந்த மாதிரி ரசிகர்கள்தான்.

ஆனால் கோல் வித்தியாசம் தொடரில் முக்கியம், விதிப் புத்தகமும் முக்கியம். 2018 சாஃப் போட்டியைத் தெரிந்துகொள்ளாமல் மாலத்தீவு ரசிகன் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது. டாக்காவில் நடந்தது. குழுவில் மூன்றே அணி: இந்தியா, இலங்கை, மாலத்தீவு. இலங்கையோடு 0-0, இந்தியாவிடம் 0-2. இலங்கையும் இந்தியாவிடம் அதே 0-2. ஆக இரண்டு தீவுக்கும் ஒரே புள்ளி, போட்டது பூஜ்யம், வாங்கியது இரண்டு, எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் முடிச்சு அவிழவில்லை. கடைசியில் நாணயத்தைச் சுண்டித்தான் யார் அரையிறுதிக்கு என்று முடிவு செய்தார்கள். மாலத்தீவு பக்கம் விழுந்தது. ஒரு கோல்கூடப் போடாமல் அரையிறுதிக்கு வந்த அணி, அங்கே நேபாளத்தை 3-0 என்று சாத்தியது. இறுதி ஆட்டம் செப்டம்பர் 15, எதிரே மறுபடியும் இந்தியா. 19-வது நிமிஷம் இப்ராஹீம் மஹுதீ, 66-வது நிமிஷம் அலி ஃபாசிர். கடைசி நேரத்தில் இந்தியா ஒன்றைத் திருப்பியது, 2-1, கோப்பை மாலேவுக்கு. இந்தியா அப்போது அனுப்பியது பெரும்பாலும் 23 வயதுக்குட்பட்ட பையன்களை என்று யாராவது டீக்கடையில் இழுப்பார்கள். உண்மைதான், ஒத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டுவிட்டு 2008-ஐ எடுத்துப் போடுங்கள். கொழும்பில் இறுதி ஆட்டம், 87-வது நிமிஷத்தில் முக்தார் நசீர் ஒரு கோல், இந்தியா 0-1 தோல்வி. அந்த வாதத்துக்கு இதுவரை யாரும் பதில் சொல்லிக் கேட்டதில்லை.

அப்படியென்றால் இந்தியாவும் மாலத்தீவும் மோதினால் எந்தப் பக்கம்? அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் நம்ம ஊர்ப் பேச்சிலேயே கேளுங்கள்:

"காக்கா, இன்னிக்கு நீங்க யாருக்கு?"

"இந்தியாதாம்ப்பா. மாலே ஒரு கோல் போட்டுட்டுத் தோத்தா எனக்குப் போதும்."

இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 2021-ல் மாலேவில் நடந்த சாஃப் போட்டியில் அப்படியேதான் நடந்தது: அஷ்ஃபாக் பெனால்டியில் ஒன்று, இந்தியா மூன்று, சேத்ரியின் இரண்டு கோலில் நாட்டுக்காகப் பெலே போட்ட 77 கோல் என்ற எண்ணும் தாண்டியாயிற்று. எல்லா நேரமும் அது அமையாது. 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் 0-3, ஓய்வை விட்டுத் திரும்பி வந்த நாற்பது வயது சேத்ரி அதிலும் ஒன்று போட்டார்.

கடைசியாக, நேரில் போய்ப் பார்ப்பது. நினைப்பது போலப் பெரிய செலவு இல்லை, ரிசார்ட்டில் தங்காதவரை. திருவனந்தபுரம் அல்லது கொச்சியில் இருந்து விமானம், இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா வாங்கத் தேவையில்லை. கிளம்புவதற்கு முந்தின 96 மணி நேரத்துக்குள் அவர்களின் பயணப் படிவத்தை நெட்டில் நிரப்ப வேண்டும், அதை விட்டுவிட்டுப் போய் விமான நிலையத்தில் திண்டாடாதீர்கள். தங்கும் இடத்தின் பதிவும் திரும்புகிற டிக்கெட்டும் கையில் இருக்கட்டும். விமான நிலையம் தனித் தீவு, 2018-ல் திறந்த பாலம் வழியாக மாலே ஊருக்குள் வந்துவிடலாம், ஸ்டேடியம் ஊருக்கு உள்ளேயே இருக்கிறது, ஊரே சின்னது என்பதால் நடந்தே போகலாம். சிவப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், அணியின் நிறம் அதுதான். மாசி வாங்குவதை ஆட்டம் முடிந்த மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள், கேலரியில் பக்கத்து ஆள் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்காது.