கிரைண்டர் மேடைக்குக் கல் ஒட்டுவது எப்படி? கட்டுமானப் பசையைச் சிந்தாமல் கையாளும் முறை

மும்பையின் அடுக்குமாடி வீடுகளில் வெட் கிரைண்டருக்கு ஓர் இடம் ஒதுக்குவது பெரும்பாடு. செம்பூரிலோ மாட்டுங்காவிலோ பால்கனியின் ஒரு மூலையைப் பட்டறையாக வைத்துக்கொண்டிருப்பவர்கள், மரைன் பிளையில் (ஈரத்தைத் தாங்கும் ஒட்டுப்பலகையில்) ஒரு பெட்டி அடித்து, அதன்மேல் கிரானைட் துண்டு ஒன்றை ஒட்டி, நல்லதொரு மேடையைத் தாங்களே செய்துகொள்ளலாம். மரவேலையைத் துணிந்து செய்பவர்கள்கூடத் தயங்குவது பசையிடம்தான். அது விரலில் ஒட்டி, விரலிலிருந்து கைப்பிடிக்கும் கதவுக்கும் தரைக்கும் பரவிவிடுகிறது. ஆகவே இக்கட்டுரை ஒட்டும் வேலையை மட்டுமே விளக்குகிறது. கல் 2 அடி நீளம், 1½ அடி அகலம், 18 மி.மீ. தடிமன் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 13 கிலோ இருக்கும்.

பசையைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் ‘பசை’ என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் சிலிக்கானை எடுத்துத் தருவார்கள். இந்த வேலைக்குத் தேவை, பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்த கட்டுமானப் பசை. ‘பியூ’ என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். 300 மி.லி. கார்ட்ரிட்ஜ், அதாவது பசை அடைத்த குழல், ஒன்று தாராளமாகப் போதும். இயற்கைக் கல்லுக்கு ஏற்றது என்று உறையில் அச்சிட்டிருக்கிறதா என்பதைப் பார்த்து வாங்குங்கள். பொருத்தமற்ற பசையிலுள்ள எண்ணெய்ப் பொருள் கல்லுக்குள் ஊறிக் கறையாகத் தங்கிவிடும்.

இப்பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. உறையில் குறிப்பிட்டிருக்கும் நேரம் பொதுவாக 23 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறைக்கானது. மும்பையின் ஜூலை மாதத்தில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தைத் தாண்டுவதால் மேற்புறத்தில் ஆடை கட்டுவது வெகு விரைவில் நடந்துவிடும். மழைக்காலத்தில், உறையில் உள்ள நேரத்தில் பாதிதான் நமக்கு உண்டு என்று திட்டமிடுவது பாதுகாப்பானது.

பசையைத் திறப்பதற்கு முன்

சுத்தமாக ஒட்டும் வேலையில் பெரும்பகுதி, நாசிலை (பசை வெளியேறும் கூம்பு முனையை) வெட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கல்லின் அடிப்பக்கத்தில் அறுப்புத் தூள் சேறுபோல் காய்ந்து ஒட்டியிருக்கும். அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, ஒரு நாள் முழுதும் மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். பிளையின் மேற்பரப்பை 80 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் தட்டிவிடுங்கள். பிறகு கல்லைப் பசையின்றி ஒருமுறை மேடைமேல் வைத்துப் பார்த்து, நான்கு பக்கமும் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

தரையில் விரிப்பதற்குச் செய்தித்தாளைவிட, கழுவிக் காயவைத்துப் பிரித்த பால் உறைகள் மிகவும் நல்லவை. அவை பாலித்தீனால் ஆனவை என்பதால் பசை அவற்றைப் பற்றிக்கொள்வதில்லை. காய்ந்தபின் தோலுரிப்பதுபோல் உரிந்து வந்துவிடும். செய்தித்தாளோ ஈரப் பசையில் ஒட்டிக்கொண்டு கையோடு வரும்.

நைட்ரைல் கையுறைகளை இரண்டு அடுக்காக அணியுங்கள். வெளி உறையில் பசை பட்ட உடனே அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையைத் தொடரலாம். பாலியூரித்தேன் பசையிலுள்ள ஐசோசயனேட் தோலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியது என்பதால், கையுறையையும் திறந்த சன்னலையும் ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

கோடு போடுதல்

நாசிலை 45 டிகிரிச் சாய்வில், 6 மி.மீ. துளை வருமாறு வெட்டுங்கள். கார்ட்ரிட்ஜின் வாயில் உள்ள சவ்வை நீளமான ஆணியால் குத்தித் திறந்து, அந்த ஆணியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

எவ்வளவு பசை, எங்கே என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 6 மி.மீ. தடிமனான கோட்டின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மி.மீ. அது 2 மி.மீ. தடிமனுக்கு அமுங்கினால் 14 மி.மீ. அகலத்துக்குப் பரவும்; அதாவது நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 7 மி.மீ. கோட்டைக் கல்லின் விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே தள்ளிப் போட்டால் பசை வெளியே பிதுங்க வழியே இல்லை. விளிம்பை ஒட்டிப் பசையை வைத்துவிட்டு, பிதுங்கியதைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் பெரும்பாலான அலங்கோலத்துக்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் நோக்கி, சுமார் 11 செ.மீ. இடைவெளியில் ஆறு இணைகோடுகள் போடுங்கள். சுற்றி வளைத்து மூடிய சதுரமாகப் போடக் கூடாது. உள்ளே காற்று புகாவிட்டால் நடுவிலுள்ள பசை நெடுநாள் ஈரமாகவே கிடக்கும். இந்த ஆறு கோடுகளுக்கும் 70 மி.லி. அளவே செலவாகும்.

ஒவ்வொரு கோட்டின் முடிவிலும், கன்னின் (கார்ட்ரிட்ஜைப் பொருத்தி, தண்டால் பசையைத் தள்ளும் கைக்கருவியின்) பின்புறம் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் உள்ள சிறு தகட்டை அழுத்தித் தண்டை விடுவியுங்கள். விசையிலிருந்து விரலை எடுத்த பின்னும் உள்ளே அழுத்தம் மிச்சமிருப்பதால் பசை வந்துகொண்டேதான் இருக்கும். தகட்டை அழுத்தித் தண்டைச் சற்றுப் பின்னால் இழுத்தால்தான் நிற்கும். அப்போதும் ஒரு சிறு வால் தொங்கும். நாசிலை லேசாகத் திருகி அதை அறுத்து, நுனியைப் பால் உறையில் வைத்துவிடுங்கள்.

கல்லை இறக்குதல்

கல்லின் எடை பசை முழுவதையும் நசுக்கிவிடாதிருக்க, நான்கு மூலைகளிலும் 2 மி.மீ. தாங்கிகள் வேண்டும். காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் தடிமன் 0.76 மி.மீ.; அதை நறுக்கி மூன்று துண்டுகளாக அடுக்கினால் அளவு ஏறத்தாழச் சரியாக வரும். வீட்டில் இன்னொருவரைத் துணைக்கு அழைத்து, இருவருமாகக் கல்லைத் தூக்கி, பென்சில் கோட்டுக்கு நேராக வைத்து இறக்குங்கள். இறக்கியபின் இழுத்து நகர்த்தாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு எங்காவது பசை பட்டுவிட்டால், பட்ட இடத்தைப் பொறுத்துச் செய்ய வேண்டியது மாறும். கல்லின் மெருகேறிய பக்கத்தில் பட்டதை, ஈரமாக இருக்கும்போதே பிளாஸ்டிக் அட்டையால் ஒரே வீச்சில் வழித்தெடுங்கள். பிளையில் பட்டால் பொறுமை வேண்டும். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் அது மரத்தின் நார்களுக்குள் புகுந்து, பாலிஷ் போடும்போது வெளுத்த திட்டாகத் தெரியும். ரப்பர்போல் இறுகும்வரை விட்டுவைத்து, கூரிய உளியால் சீவி எடுப்பதே நல்லது. சானிடைசரையும் ஸ்பிரிட்டையும் ஈரப் பசையின் பக்கம் கொண்டுவராதீர்கள். ஆல்கஹால் பசையோடு வினைபுரிந்து அதைச் சரியாக இறுக விடாமல் செய்துவிடும். தோலில் பட்டால் உலர்ந்த துணியால் வழித்து, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். தின்னரைத் தோலில் தேய்க்கவே கூடாது.

ஒரு வாரம் கழித்து

இப்பசை வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி, நாளொன்றுக்கு 2 முதல் 3 மி.மீ. வரை இறுகும். கல்லுக்கும் பிளைக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியில் காற்று மெதுவாகவே நுழையும் என்பதால் ஒரு வாரம் கொடுப்பது நியாயம். அதுவரை கிரைண்டரை மேலே ஏற்ற வேண்டாம்.

அதன்பின், மாவும் தண்ணீரும் புகாதபடி விளிம்பு இடைவெளியை அடைக்க வேண்டும். இதற்கு நியூட்ரல் வகைச் சிலிக்கான் ஏற்றது. புளித்த வாடை வீசும் சாதாரணச் சிலிக்கான் கல்லுக்கு ஆகாது. இடைவெளிக்கு மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, மெல்லிய கோடாகச் சிலிக்கானை விட்டு, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒருமுறை மட்டும் நீவுங்கள். உடனே, ஆடை கட்டுவதற்கு முன், டேப்பைச் சாய்வாக மடக்கி மெதுவாக இழுத்துவிடுங்கள். தாமதித்தால் டேப்போடு சிலிக்கானும் கிழிந்து வரும்.

மீதிப் பசையைக் காக்க, ஒட்டி முடித்த அன்றே நாசிலின் வழியே 2 செ.மீ. பசையை வெளியே தள்ளி, எடுத்துவைத்த ஆணியை உள்ளே செருகி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி டேப்பால் இறுக்கிக் கட்டுங்கள். வெளியே நிற்கும் பசை இறுகித் தானே அடைப்பானாகிவிடும். அடுத்த முறை ஆணியோடு சேர்த்து இழுத்தால் வந்துவிடும். மழைக்காலத்தில் இந்த ஏற்பாடு அதிக நாள் தாங்காது என்பதால், ஒட்ட வேண்டிய மற்ற பொருட்களையும் அந்த வாரத்துக்கே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.